வெட்டு மெஷின் வாங்கப் போனவர்கள்

பழைய மெஷின் நின்றுபோனபோது இருசப்பனும் அவன் மனைவி செங்கேணியும் ஒரு தென்னந்தோப்பில் பாதி வேலையில் இருந்தார்கள். புல்லை வெட்டிக்கொண்டிருந்த மெஷின் முதலில் மூச்சு வாங்குவதுபோல் இழுத்தது. பிறகு இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம் ஒன்று கேட்டது. அதோடு அடங்கிவிட்டது. இருசப்பன் ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்துப் பார்த்தான். கயிறு அசையவே இல்லை. மீதித் தோப்புப் புல்லை இருவரும் அரிவாளால் அறுத்து முடித்தார்கள். மெஷினைச் சாக்கில் சுற்றி, மறுநாள் உத்திரமேரூருக்கு எடுத்துப் போனார்கள்.

மெக்கானிக் கலைச்செல்வன் அதைப் பிரித்து, பிஸ்டனை எடுத்து இருசப்பன் கையில் கொடுத்தான். அதன் பக்கவாட்டில் ஆணியால் கீறியதுபோல் கோடுகள்.

“பெட்ரோல்ல ஆயில் கம்மியா கலந்துகிற. டூ ஸ்ட்ரோக்குக்கு அது தானே உசுரு. இத்த ரெடி பண்றத வுட புதுசே வாங்கிடு நைனா.”

டூ ஸ்ட்ரோக் மெஷினில் ஆயில் ஊற்றத் தனியாக இடம் கிடையாது. பெட்ரோலிலேயே அளவு பார்த்துக் கலந்து ஊற்ற வேண்டும். கலவை பிசகினால் உள்ளே எல்லாம் காய்ந்து உரசிக்கொள்ளும். அன்று காலை அவசரத்தில் கலந்தது இருசப்பன்தான். அதைப் பற்றிச் செங்கேணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், வேலமரங்களுக்கு இடையே இருக்கும் இருளர் குடியிருப்பில் அவர்கள் வீடு. கல்யாணமான புதிதில் நடவு, களை, அறுப்பு என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போனார்கள். பிறகு இருசப்பன் உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்கினான். ஒருநாள் லாரிப் பலகையிலிருந்து மூட்டையோடு சரிந்து விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது. கட்டுப்போட்டுச் சரியானதும் அவன் மண்டிப் பக்கம் போகவில்லை. யாரோ விற்ற பழைய வெட்டு மெஷினை வாங்கி, தோப்பு, வரப்பு, மனை விற்பவர்கள் வளைத்துப் போட்டிருக்கும் நிலம் என்று புல் வெட்டத் தொடங்கினான். தோள் நன்றாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். செங்கேணியிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

வேலையை அவர்கள் செய்யும் முறை ஒன்று இருந்தது. நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுழலும் அந்த மெஷினை வாரால் தோளில் மாட்டிக்கொண்டு இருசப்பன் இடமும் வலமுமாக வீசி வெட்டிக்கொண்டு வருவான். செங்கேணி அவனுக்கு முன்னால் ஒரு கோலோடு நடப்பாள். புல்லை விலக்கிப் பார்த்துக் கல், கம்பி, உடைந்த பாட்டில் எதுவானாலும் எடுத்து ஓரமாகப் போடுவாள். பாம்பு இருந்தால் கோலால் தட்டி விரட்டுவாள். காடை முட்டை இட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவைப்பாள், அவன் அதைச் சுற்றிக்கொண்டு போவான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. அதனாலேயே அவர்களைத் தேடி ஆள் வந்தது.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு வளர்ந்திருந்த ஒரு மனையில் இதே மாதிரி வெட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டில் செங்கேணியின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அவள் தாண்டிய பிறகுதான் காலில் இடறியதை வைத்து என்னவென்று புரிந்து, தலையை மட்டும் திருப்பி, “நிறுத்து” என்று கத்தினாள். அவன் தலையைக் குனிந்தபடி வந்துகொண்டிருந்தான். மெஷின் சத்தத்தில் அவள் குரல் அவனுக்கு எட்டவில்லை. பிளேடு பாட்டிலில் பட்டு, கண்ணாடித் துண்டு ஒன்று பறந்து வந்து அவள் கெண்டைக்காலில் இறங்கியது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். புண் ஆறியது. மழைக்காலத்தில் அந்த இடம் இழுக்கிறது என்பதைத் தவிர அவளுக்கு வேறு குறை இல்லை. இருசப்பனுக்குத்தான் ஆறவில்லை. அவள் உட்கார்ந்த பிறகும் அவன் இன்னும் இரண்டு வீச்சு வெட்டியிருந்தான். நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவள் நிற்கவில்லை என்பதே தெரிந்தது. அந்த இரண்டு வீச்சும் அவன் நினைவை விட்டுப் போகவில்லை.

அதனால் புது மெஷின் என்று பேச்சு வந்ததும் அவன் முடிவு செய்துவிட்டான்.

“ஃபோர் ஸ்ட்ரோக் எடுக்கலாம்மே,” என்றான் அன்று சாயங்காலம். செங்கேணி அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“வோணாம். அது கனமா கீதாம்.”

“யாரு சொன்னது?”

“கலைச்செல்வன் கடையில பேசிக்கினு இருந்தாங்க. ஆயிலுக்குத் தனியா டேங்கு, அது இதுன்னு உள்ள நெறய சாமான் கீதாம். பயசு மாரியே ஒண்ணு எடுத்துடு. ஒனக்கும் பயகின கை.”

“ஆயில் கலக்கற பேஜார் இல்ல. பொகை இல்ல.”

“பொகை இன்னா பண்ணும். இந்த அடுப்பு பொகைய வுடவா?”

“ஆயில் பிசகிச்சின்னா மறுபடியும் போயிடும்.”

“நான் கலக்கறேன். எனக்கு அளவு தெரியும்.”

ஃபோர் ஸ்ட்ரோக்கில் சத்தம் குறைவு, நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்கும் என்பதுதான் அவன் சொல்ல நினைத்தது. அதைச் சொன்னால் ஐப்பசியில் நடந்ததை எடுக்க வேண்டும். செங்கேணியும் தன் மனதில் இருந்ததைச் சொல்லவில்லை. காலையில் சட்டை போடும்போது அவன் இடது கையை முதலில் நுழைப்பதையும், தண்ணீர்க் குடத்தை எப்போதும் வலது பக்கமே தூக்குவதையும் அவள் பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கனமான மெஷின் அந்தத் தோளை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தோள் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிகிற மனிதனிடம், உன் பொய் எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது. இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு அருகில் இருக்கும் விஜயின் கடைக்குப் போனார்கள். மோட்டார், பைப்புச் சுருள், மருந்தடிக்கும் டேங்க் என்று வாசல்வரை சாமான் அடைந்திருந்த கடை. விஜய் முப்பது வயதுக்காரன். அவசரப்படுத்துகிறவன் இல்லை. இரண்டு மெஷினையும் வெளியே கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

“எது நல்லது?” என்று கேட்டான் இருசப்பன்.

“ரெண்டுமே நல்லது தாண்ணா. டூ ஸ்ட்ரோக் லைட்டு. முறுக்கினா உடனே புடிக்கும். ரோட்டோர மெக்கானிக் கூட பாத்துடுவாரு. ஆனா பொகை, சத்தம், ஆயில் கலக்கணும். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் கம்மியா குடிக்கும், சத்தம் அடங்கி வரும். ஆனா வெயிட்டு. ஆயில் மாத்திக்கினே இருக்கணும். சாய்ச்சி கீய்ச்சி போடக் கூடாது. உங்களுக்கு எந்த மாரி எடம் வரும்?”

“தோப்பு வரும். மனை வரும். ஏரிக்கரை ஓரத்துல கூட வெட்டுவோம்.”

“அப்ப ஓட்டிப் பாத்துடுங்க. நான் சொல்லி நீங்க எடுக்கறத வுட, கையில புடிச்சி பாத்தா தெரிஞ்சிடும்.”

நெல் மண்டிக்குப் பின்னால் விஜயின் மாமனாருக்கு ஒரு காலி மனை இருந்தது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகப் புல்லும் ஆவாரையும் மண்டிக்கிடந்தது. மெஷின் பார்க்க வருகிறவர்களையெல்லாம் அவன் அங்கே கூட்டிப் போவதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதை உணர்ந்து செங்கேணி சிரித்துக்கொண்டாள்.

இருசப்பன் முதலில் ஃபோர் ஸ்ட்ரோக்கை மாட்டிக்கொண்டான். சத்தம் அடித்தொண்டையிலிருந்து வந்தது. கைப்பிடியில் அதிர்வு குறைவாக இருந்தது. புல் சீராக விழுந்தது. ஒரு வரிசை முடித்ததும் விசையைத் தளர்த்தி, செங்கேணியைப் பார்த்து, “ஏதாவது பேசு,” என்றான்.

“இன்னா பேசறது?”

“கேக்குது,” என்றான் அவன் விஜயிடம். முகம் மலர்ந்திருந்தது. “முறுக்கினப்பவும் கூப்புடு பாக்கலாம்.”

அவன் முழுவேகத்தில் முறுக்கி வெட்டினான். செங்கேணி கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு முறை, கையைக் குவித்து வைத்துக் கூப்பிட்டாள். அவன் குனிந்து வெட்டிக்கொண்டே போனான். வரிசை முடிந்து நிறுத்தியபோது, “கூப்ட்டியா?” என்றான். அவள் தலையாட்டினாள். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

மெஷினைக் கழற்றும்போது அவன் இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்ததையும், அதை மறைக்க அவன் வாரைச் சரிசெய்வதுபோல் நின்றதையும் செங்கேணி பார்த்தாள்.

“இது வோணாம்,” என்றாள்.

“சும்மா இரு. இன்னும் ரெண்டாவது பாக்கவே இல்ல.”

“எத்தினி பாத்தாலும் இது வோணாம். ஒன் தோளு தாங்காது.”

“தோளுக்கு இன்னா. நல்லா தான் கீது.”

“எனக்குத் தெரியாதா? சட்டைக்குள்ள கைய வுடறதுக்கே பல்ல கடிக்கிறே.”

விஜய் போன் வந்ததுபோல் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மண்டிச் சுவர்ப் பக்கமாக நடந்தான்.

இருசப்பன் மெஷினைத் தரையில் இறக்கி வைத்தான். பிறகு சொன்னான்: “தோளு வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. அன்னிக்கு நீ கத்தினது எனக்குக் கேக்கல. நீ கீழ உக்காந்துட்டே, நான் பாட்டுக்கு வெட்டிக்கினு வந்தேன். இன்னும் ரெண்டடி நீ இந்தாண்ட உக்காந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?”

“அதுக்குத் தான் இதுவா?”

“பின்ன எதுக்கு.”

ஐப்பசியிலிருந்து இவன் இதைச் சுமந்துகொண்டிருந்தது செங்கேணிக்குத் தெரியாது. கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கொஞ்சம் கழித்து டூ ஸ்ட்ரோக் மெஷினிடம் போய், அதன் வாரை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“இத்த நான் ஓட்டிப் பாக்கறேன். ஸ்டார்ட் பண்ணிக் குடு.”

அவள் அதுவரை மெஷினைப் பிடித்ததே இல்லை. இருசப்பன் மறுத்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. அவன் கயிற்றை இழுத்துக் கொடுத்து, விசையை எப்படிப் பிடிப்பது, எப்படி இடுப்பைத் திருப்பி வீசுவது என்று கத்திக் கத்திச் சொன்னான். அவள் முறுக்கினாள். சத்தம் கீச்சென்று மேலே போனது. நீலப்புகை முகத்தைச் சுற்றியது. முதலில் பிளேடு மண்ணைக் கொத்தியது, பிறகு காற்றை வெட்டியது. சற்று நேரத்தில் புல் விழத் தொடங்கியது.

இருசப்பன் பழக்கத்தில் அவள் கோலை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். யாராவது போகத்தானே வேண்டும். அவள் எப்படிச் செய்வாளோ அப்படியே புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

நாலைந்து எட்டு வைப்பதற்குள் அவனுக்குக் கால் கூசத் தொடங்கியது. சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. காது சொல்லவில்லை, சத்தம் எல்லாப் பக்கமும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் முன்னால் இருப்பதைப் பார்க்க முடியாது. முன்னால் பார்த்தால் பின்னால் இருப்பது தெரியாது. கெண்டைக்கால் இரண்டும் தாமாகவே இறுகிக்கொண்டன. ஒரு கல்லைக் குனிந்து எடுக்கும்போது, நான் குனிந்தது அவளுக்குத் தெரியுமா என்ற எண்ணம் வந்தது. எடுத்த கல்லோடு அவன் பக்கவாட்டில் தாவி ஓடி வேலி ஓரமாக நின்றான்.

செங்கேணி வெட்டிக்கொண்டே போனாள். அவன் விலகியதை அவள் கவனிக்கவில்லை. வரிசை முடியும் இடத்தில்தான் தலையை நிமிர்த்தினாள். முன்னால் ஆள் இல்லை. சட்டென்று விசையை விட்டு, பதறிச் சுற்றிலும் தேடினாள். அவன் வேலி ஓரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினான்.

மெஷின் நின்ற பிறகு அந்த இடம் ரொம்பவும் அமைதியாக இருந்தது. இருவரும் வெட்டிப்போட்ட புல்லின் மேல் உட்கார்ந்தார்கள்.

“ஒண்ணுமே தெர்ல,” என்றாள். “நீ எங்க கீறேன்னே தெர்ல. எனக்கு பிளேடு மட்டும் தான் தெரிஞ்சிது.”

“இத்தினி வருசமா நீ இப்டி தான் முன்னாடி நடந்தியா?”

“பயகிப் போச்சு.”

“பயம் இல்லியா?”

“மொதல்ல இருந்திச்சி. அப்பால நீ தானே வரேன்னு வுட்டுட்டேன்.”

அந்தப் பதில் அவனைக் குத்தியது. அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை என்பதால் இன்னும் அதிகமாகக் குத்தியது.

விஜய் திரும்பி வந்தான். நடந்ததை இருசப்பன் சொன்னபோது அவன் புருவத்தை உயர்த்தினான். “மெஷினுக்கு முன்னாடி நடப்பாங்களா? அண்ணா, கூட இருக்கறவங்க பதினஞ்சு மீட்டர் தள்ளித் தான் நிக்கணும். புக்குலயே போட்டுகீது.”

“எங்களுக்கு யாரு சொன்னா?”

“முன்னாடி நடப்பீங்கன்னு எனக்கு எப்டிண்ணா தெரியும்?” அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இருசப்பன் புல்லைக் கிள்ளிக்கொண்டு யோசித்தான். சத்தம் குறைந்த மெஷினை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இத்தனை நாளாக நம்பியிருந்தான். அந்த நம்பிக்கை இப்போது போய்விட்டது.

“இனிமே முன்னாடி யாரும் நடக்கக் கூடாது,” என்றான்.

“அப்ப கல்லு, பாட்டிலு?”

“ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேருமா பொறுக்கிடலாம். அப்பால ஒருத்தர் தூரப் போயிடணும்.”

“வேலை இழுக்கும்யா. இப்ப மாரி சட்டுனு முடியாது.”

“இழுக்கட்டும்.”

செங்கேணி இரண்டு மெஷினையும் மாறிமாறிப் பார்த்தாள். “அப்ப லைட்டா கீறதையே எடு.”

“அது தான் கத்துதே.”

“கத்தட்டும். நான் முன்னாடி நடந்தா தானே ஒன்ன கூப்புடணும். நடக்கலன்னா எத்தினி கத்தினா இன்னா. லைட்டா இருந்தா நானும் புடிப்பேன். பாதி நான், பாதி நீ. ஒன் தோளும் கொஞ்சம் ஆறும்.”

“பொகை?”

“துணி கட்டிக்கிறேன்.”

அவன் ஃபோர் ஸ்ட்ரோக்கை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தான். கையில் அதிராமல் ஓடியதை நினைத்துக்கொண்டான். அதை அவள் தோளில் மாட்டிவிட்டும் பார்த்தான். வார் அவளுக்கு இறங்கித் தொங்கியது, நடக்கவே சிரமப்பட்டாள். கழற்றி வைத்தான். “இந்த லைட்டு மெஷினையே குடு,” என்று விஜயிடம் சொன்னான். விஜய் ஒரு முகக் கண்ணாடியையும் காதுக்கு வைக்கும் பஞ்சு உருண்டைகளையும் சேர்த்துக் கொடுத்தான்.

புது முறையில் முதல் வேலை வேதாசலம் என்பவரின் மாந்தோப்பில். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எப்போதும் இவர்களைத்தான் கூப்பிடுவார். காலை வெயில் ஏறும்வரை இருவரும் தோப்பு முழுக்கக் குனிந்து பொறுக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னா இருசப்பா, புது மெஷின் வாங்கியும் கையாலதான் வேலை செய்றியா? போன தடவ இந்நேரத்துக்குப் பாதி முடிச்சிட்டே.”

“போன தடவ இந்தம்மா உசுர முன்னாடி வுட்டு வெட்டினேன் ஐயா. இனிமே அப்டி முடியாது.”

வேலை மறுநாளும் நீண்டது. அடுத்த முறை அவர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டார்கள். இருசப்பனுக்கு அது வருத்தம்தான். நல்ல இடம், நிழலான இடம். புகை விஷயத்திலும் செங்கேணி சொன்னதுபோல் சுலபமாக இல்லை. துணி கட்டியும் சில நாள் இருமினாள். அந்தச் சமயங்களில், மற்றதையே எடுத்திருக்கலாமோ என்று அவனுக்குத் தோன்றும். சொன்னால், “இத்த ஓட்டி முடி மொதல்ல,” என்பாள்.

அடுத்து வந்த தையில், கூரம் போகும் பாதையில் மனை போட்டிருந்த ஒருவர் கூப்பிட்டார். அவருக்கு அவசரம் இல்லை. முதல் பாதியைச் செங்கேணி வெட்டினாள். எண்ணெயும் வியர்வையுமாக மெஷினை இறக்கி, டேங்கை நிரப்பி, இருசப்பனின் தோளில் வாரை மாட்டிவிட்டு, மனையின் கோடியில் இருந்த வேப்பமரத்தடிக்கு நடந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, தூக்கில் இருந்த கஞ்சியைக் குடித்தாள்.

இத்தனை வருடத்தில் அவன் புல் வெட்டுவதை அவள் இப்படி உட்கார்ந்து நிதானமாகப் பார்த்ததில்லை. எப்போதும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடந்திருந்தாள். அவன் காலை அகட்டி வைத்து, இடுப்பிலிருந்து மெதுவாகத் திரும்பினான். மெஷின் அவனோடு சேர்ந்து திரும்பியது. புல் ஒரே பக்கமாக, வாரிவிட்ட தலைமுடிபோல் சாய்ந்தது. இடது தோளைக் காப்பாற்றுவதற்காக வலது பக்க வீச்சை அவன் சற்று நீளமாக எடுப்பது இங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அழகாகத்தான் வெட்டுகிறான் என்று நினைத்தாள். வரிசை முடிந்ததும் அவன் நிமிர்ந்து மரத்தடியைப் பார்த்தான். அவள் கையை உயர்த்தினாள். அவன் அடுத்த வரிசைக்குத் திரும்பினான்.